கழுத்தை எண்ணாதீங்க, சேலையைப் பாருங்க! தென்காசி - குற்றாலத்தில் மின்னும் ‘மெட்டாலிக்’ ஃபேஷன் சொல்லும் சேதி

குற்றாலத்துக்குக் குடும்பத்தோட போனவங்களுக்கு இது நல்லாவே தெரியும். வேன்ல எத்தனை பேர் வந்தாலும், அருவியில நனையாம வெளியில நிக்க ஒருத்தர் வேணும். அவர் கையில ஒரு மஞ்சப்பை. அதுக்குள்ள கைக்குட்டையில முடிஞ்ச செயின், கம்மல், வளையல், மோதிரம். சாரலை ரசிக்கவும் முடியாம, பையிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியாம நிக்கிற அந்த ஆள்தான் தங்கத்துக்கும் நமக்கும் உள்ள உறவோட சரியான படம்.

இந்தப் படம் இப்போது மெதுவாக மாறிவருகிறது. காலேஜ் படிக்கிற, வேலைக்குப் போகிற பெண்களைக் கவனியுங்கள். கறுத்த வெள்ளி நிறத்தில் கனமான ஜிமிக்கி, சில்வர் கலர் செருப்பு, பளபளக்கும் டிஷ்யூ துப்பட்டா, வெண்கல நிறப் பை. மின்னுவதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால், அதில் தங்கம் ஒரு பொட்டு அளவுகூட இருக்காது. தொலைந்தால் வருத்தம் உண்டு, தூக்கம் போகாது.

தங்கம் கைக்கு எட்டாததால் வந்த சமாளிப்பா இது, இல்லை நிஜமாகவே ரசனை மாறியிருக்கிறதா? ரெண்டுமே உண்டு. ஆனால், இதில் நாம் கவனிக்க வேண்டியது மூணாவதா ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல இதுவரைக்கும் ‘அணிவது’, ‘சேமிப்பது’ ரெண்டுக்கும் ஒரே பொருள்தான் இருந்தது. இப்போ அது ரெண்டாப் பிரியுது.

ஒரே வருஷம்... ஒரு லட்சம்!

முதலில் கணக்கைப் பார்த்துடலாம். 2025 ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் ஆபரணத் தங்கம் ஒரு சவரன் 57,000 ரூபாயைச் சுற்றி இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அரைப் பவுன் தோடு வாங்க ஜனவரியில் 28,500 ரூபாய் போதும் என்றால், டிசம்பரில் 50,000 வேண்டும். செய்கூலி, சேதாரம், 3 சதவிகித ஜி.எஸ்.டி எல்லாம் தனி.

இத்தனைக்கும் 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை மத்திய அரசு 15 சதவிகிதத்திலிருந்து 6 சதவிகிதமாகக் குறைத்திருந்தது. அந்தச் சலுகையை விலையேற்றம் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. உலக நாடுகளின் மத்திய வங்கிகள் தங்கத்தை வாங்கிக் குவித்தன. போர்களும் வர்த்தகச் சண்டைகளும் முதலீட்டாளர்களைத் தங்கத்தின் பக்கம் தள்ளின. ரூபாயின் மதிப்பும் சரிந்து, டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைக் கடந்தது. ‘சரி, வெள்ளியாவது வாங்கலாம்’ என்று திரும்பினால், அதுவும் 2025-ல் கிலோ 2 லட்சத்தைத் தாண்டிப் போனது.

ஆக, டெய்லி பஸ்ஸில் போய் வருகிற ஒரு பெண் கழுத்தில் ரெண்டு பவுன் போட்டால், டிசம்பர் விலைக்கு ரெண்டு லட்சத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கூட்டத்தில் நிற்கிறாள் என்று அர்த்தம். தங்கம் பீரோவுக்குள் போனதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கவரிங்குக்கு இருந்த கூச்சம் எங்கே போச்சு?

தங்கம் இல்லாத நகை நமக்குப் புதுசு இல்லை. பொன்னம்பலம் இருக்கிற சிதம்பரம்தான் கவரிங் நகைக்கும் பேர்போன ஊர். செம்பிலோ பித்தளையிலோ நகை செய்து, மேலே மெல்லிசாகத் தங்கமுலாம் பூசுவதுதான் கவரிங். தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் கல்யாணப் போட்டோக்களைக் கரையேற்றியது அதுதான்.

ஆனால், கவரிங்கோடு எப்போதும் ஒரு பயமும் சேர்ந்தே வரும். ‘கவரிங்கா?’ என்று யாராவது காதோடு கேட்டுவிடுவார்களோ என்கிற பயம். ஏனென்றால், கவரிங்கின் வேலையே தங்கம் மாதிரி நடிப்பது. நடிப்பு தெரிந்துவிட்டால் மானம் போச்சு.

இப்போது ஃபேன்ஸி ஸ்டோர்களில் தொங்கும் ஆக்சிடைஸ்டு நகைகள் அப்படி நடிப்பதே இல்லை. ‘நான் தங்கம் இல்லை, அதுக்கு என்ன இப்போ?’ என்று நேராகக் கேட்கிற டிசைன் அது. கறுத்துப்போன நிறமே அதன் அழகு. எனவே, ‘ஒரிஜினலா?’ என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை. பெரிய ஜிமிக்கி போட்டிருக்கும் பெண்ணிடம் ‘எத்தனை பவுன்?’ என்று கேட்க யாருக்கும் தோணாது. ‘எங்கே வாங்கினே?’ என்றுதான் கேட்பார்கள். கேள்வி மாறிவிட்டது பாருங்க, அதுதான் பெரிய மாற்றம்.

துணியே நகை

அடுத்த மாற்றம் துணியில். டிஷ்யூ சேலை, ஃபாயில் பிரின்ட் குர்தி, சில்வர் பிளீட்டட் ஸ்கர்ட், ஷிம்மர் துப்பட்டா என்று பளபளப்பு கழுத்திலிருந்து உடைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

மேலைநாட்டில் உலோக உடை என்பது ஒரு நிகழ்ச்சி. 1966-ல் பாரிஸில் பாக்கோ ரபான் உலோகத் தகடு, பிளாஸ்டிக் எல்லாம் கோத்துச் செய்த உடைகளைக் காட்டியபோது, ‘அணிய முடியாத உடைகள்’ என்று அவரே பேர் வைத்தார். 2023-ல் தன் பிறந்தநாளையொட்டி, கச்சேரிக்கு வருகிறவர்கள் சில்வர் நிறத்தில் வாருங்கள் என்று பியான்சே சொல்ல, அரங்கமே வெள்ளியாக மின்னியது. அங்கே அது ஒருநாள் கூத்து.

நமக்கு அப்படி இல்லை. ஜரிகை போட்ட பாவாடை, ஜரிகைக்கரை வேட்டி, பட்டுச்சேலை என்று உலோகத்தை உடுத்தியே வளர்ந்த ஊர் இது. அசல் ஜரிகை என்றால், பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. அதனால்தான் பழைய பட்டுச்சேலையை எடைபோட்டு வாங்க ஆட்கள் தெருத்தெருவாக வந்தார்கள். துணியும் அடகுப் பொருள் மாதிரிதான் இருந்தது.

தென்காசிக்கு இன்னொரு பக்கமிருந்தும் இந்த மினுமினுப்பு வருகிறது. செங்கோட்டை, புளியரை தாண்டினால் கேரளம். குற்றாலம் சீசனும் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டமும் அந்தப் பக்கத்து ஆட்களை இங்கே இழுத்துவருகின்றன. அவர்களுடைய கசவு பார்டர், வெள்ளைத் துணியில் பொன்நிறக் கரை, இங்கேயும் ஓணத்துக்கு மட்டுமான உடையாக இல்லாமல் ஆகிவிட்டது. ஆபீஸில், காலேஜில் ஓணம் கொண்டாடுகிற தலைமுறைக்குக் கசவு ஒரு ‘லுக்’.

இன்றைக்கு விலை மலிவாகக் கிடைக்கும் டிஷ்யூவிலும் ஷிம்மரிலும் பெரும்பாலும் வெள்ளி கிடையாது. பாலியெஸ்டர் ஃபிலிமின் மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்து, மெல்லிய நாடாவாக வெட்டி எடுக்கும் நூல் அது. எடை இல்லை, கறுக்காது, விலை குறைவு. கூடவே, பழைய விலைக்குப் போடவும் முடியாது.

இந்த இடத்தில்தான் தலைப்பில் சொன்ன விஷயம் வருகிறது. உடல் முழுக்கத் துணியே மின்னும்போது கழுத்து காலியாக இருப்பது குறையாகத் தெரிவதில்லை. ‘ஸ்டைலா விட்டிருக்கா’ என்று ஆகிவிடுகிறது. நம் விசேஷ வீடுகளில் ஒரு பெண்ணை ஏற இறங்கப் பார்க்கிற பார்வை முதலில் போய் நிற்கும் இடம் கழுத்து. டிஷ்யூ சேலை அந்தப் பார்வையைத் திசைதிருப்பிவிடுகிறது. ஒரு முழத் துணிக்கு இது கொஞ்ச வேலையில்லை!

சிங்கி அணிந்த நகையும், என் சம்பளமும்

இந்த ஊருக்கும் நகைக்கும் இருக்கும் உறவைப் பேச ஒரு பழைய ஆளைக் கூப்பிடலாம். 18-ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யின் சிங்கி. ஊர் ஊராகக் குறி சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். உடம்பெல்லாம் புதுப்புது நகை. கணவன் சிங்கனுக்குத் திகைப்பு, கொஞ்சம் சந்தேகமும்கூட. கால் விரலிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டி, ‘இது என்ன, அது என்ன’ என்று கேட்டுக்கொண்டே போகிறான். அவள் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்கிறாள். இந்த நாட்டில் குறி சொன்னதற்குக் கிடைத்தது இது, அந்த நாட்டில் கிடைத்தது அது. சுருக்கமாகச் சொன்னால், ‘என் தொழில், என் கூலி, என் நகை.’

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சிங்கனின் கேள்வி இன்றைக்கும் வீடுகளில் கேட்கிறது. ‘இது யாரு வாங்கிக் கொடுத்தது?’ மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்த பிறகு ஊரை விட்டுப் போகாமலே மாதச் சம்பளம் வாங்குகிற தலைமுறை ஒன்று இங்கே உருவாகியிருக்கிறது. ஜவுளிக்கடை, மருத்துவமனை, பள்ளி என்று வேலைக்குப் போகும் பெண்களும் நிறைய. ஆன்லைனில் 300 ரூபாய்க்கு ஜிமிக்கி ஆர்டர் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தங்கம் அப்படியா? அது குடும்பம் கூடி எடுக்கும் முடிவு. எந்தக் கடை, என்ன டிசைன், எத்தனை கிராம் என்பதில் போட்டுக்கொள்கிறவளின் குரல் கடைசியில்தான் கேட்கும்.

ஆனால், இவர்களுடைய அம்மாக்களின் கணக்கையும் கேட்கணும். தென்காசி மாவட்டத்தில் பீடித் தட்டை மடியில் வைத்தே பிள்ளைகளை வளர்த்த பெண்கள் ஏராளம். பீடி சுற்றிய காசில் சீட்டுப் போட்டு, கிராம் கிராமாக நகை சேர்த்தார்கள். பாட்டிகளின் காதில் தொங்கிய பாம்படமும் தண்டட்டியும்கூட அப்படித்தான். பார்க்க அலங்காரம், உண்மையில் நடமாடும் பேங்க். ஒரு கிழவியின் காதுநகை காணாமல் போவதை வைத்து 2023-ல் ‘தண்டட்டி’ என்று ஒரு சினிமாவே வந்தது. அந்த நகையின் மேல் எத்தனை பேர் கண் இருந்தது என்பதுதான் கதையே!

அந்தப் பெண்களுக்கு வங்கிக் கணக்கு இல்லை, பேரில் நிலம் இல்லை. உடம்பில் இருந்த உலோகம் மட்டும்தான் அவர்களுடையது. எனவே, ‘எதுக்கும்மா இவ்ளோ தங்கப் பைத்தியம்?’ என்று கேலி செய்வதற்கு முன் யோசிக்கணும்.

மினுக்கலாம், அடகு வைக்க முடியாது

இந்த ட்ரெண்டின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு, காலேஜ் ஃபீஸ், விதை, உரம் என்று எது வந்தாலும் நம் குடும்பங்கள் முதலில் ஓடுவது நகைக்கடனுக்குத்தான். நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் வெளியிட்ட புதிய விதிகளின்படி, இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை கொடுக்கலாம். அதற்கு முன்னால் ஏப்ரலில் வந்த வரைவு விதிகளுக்குத் தமிழ்நாட்டில் எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது என்பதை நினைத்துப்பாருங்கள். நகைக்கடன் இங்கே எத்தனை பேரின் உயிர்மூச்சு என்பது புரியும்.

ஆக்சிடைஸ்டு ஜிமிக்கிக்கு எந்த பேங்கும் பத்து பைசா தராது. 300, 500 என்று மாசாமாசம் வாங்கிக் குவிக்கிற ஃபேஷன் நகை, வருஷக் கடைசியில் கூட்டிப்பார்த்தால் சில ஆயிரங்களைத் தொடும். அதில் மிஞ்சுவது கறுத்த கொக்கிகளும் அறுந்த செயின்களும்தான். அம்மாவின் தங்கத்தை மகள் தலைமுறை கழற்றி வைத்தது சரி. அந்த இடத்தில் வேறு எந்தச் சேமிப்பை வைத்தது என்பதுதான் கேள்வி. ஆர்.டி, தபால் நிலையச் சேமிப்பு, எஸ்.ஐ.பி என எதுவாக இருந்தாலும், அவள் பேரில் இருக்கிறதா?

இன்னொரு முரணும் உண்டு. தினசரி உடையில் தங்கம் விலகிவிட்டது. கல்யாணப் பேச்சில் விலகவில்லை. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும், ‘எத்தனை பவுன் போடுவீங்க?’ என்கிற கேள்வி நெல்லைச் சீமையில் பெண் பார்க்கும் படலத்தோடு ஒட்டியே வருகிறது. பவுன் எண்ணிக்கை அப்படியே நிற்க, பவுன் விலை மட்டும் ஒரே வருஷத்தில் முக்கால் பங்கு ஏறினால் என்ன ஆகும்? 2025 ஜனவரியில் 20 பவுன் என்பது சுமார் பதினொன்றரை லட்சம். டிசம்பரில் அதே 20 பவுன் 20 லட்சம். கூடுதலான எட்டரை லட்சமும் பெண்ணைப் பெற்றவர்கள் தலையில்.

இந்த விஷயத்தில் அரசே ஒரு திருப்பம் எடுத்தது. கல்யாண உதவித் திட்டத்தில் தாலிக்கு 4 கிராம் தங்கம் கொடுத்துவந்த தமிழக அரசு, 2016-ல் அதை 8 கிராம் ஆக்கியது. 2022-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் இருந்த அந்தத் திருமண உதவித் திட்டம், ‘புதுமைப் பெண்’ ஆக மாறியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே வருகிறது. தாலிக்குப் போன தங்கம் படிப்புக்குப் போன பணமாக மாறியது நல்ல திருப்பம். வீடுகளிலும் அதே திருப்பம் நடந்தால்தான் இந்த ஃபேஷன் மாற்றத்துக்கு அர்த்தம்.

சரி, எப்படிப் போடலாம்?

இவ்வளவு பேசிவிட்டு ஸ்டைல் டிப்ஸ் சொல்லாமல் விட்டால் எப்படி? தினசரி உடையில் மெட்டாலிக்கை அசத்தலாகச் சேர்க்கச் சில வழிகள்:

ஒரு நேரத்தில் ஒன்று: சேலை மின்னினால் நகை அடங்கட்டும். ஜிமிக்கி பெரிசா இருந்தால் உடை பிளெய்ன் காட்டனா இருக்கட்டும். ரெண்டும் மோதினால் நாடக மேக்கப் மாதிரி ஆயிடும்.

நடுவில் நிறம் வேணும்: நடராஜருக்கு ஐந்து சபைகள். சிதம்பரத்துக்குப் பொன், மதுரைக்கு வெள்ளி, திருநெல்வேலிக்குத் தாமிரம், திருவாலங்காட்டுக்கு ரத்தினம். குற்றாலத்துக்குக் கிடைத்தது சித்திரம். அதையே ஸ்டைல் விதியா வெச்சுக்கலாம். உலோக நிறத்தைத் தூக்கிக் கொடுக்க ஒரு ஆழமான நிறம் வேணும். வெள்ளிக்குக் கருநீலம், மாந்தளிர். செம்பு நிறத்துக்குப் பச்சை. பொன்நிறத்துக்கு மெரூன், அரக்கு.

பொன்னும் வெள்ளியும் சேரலாம்: ‘கலக்கக் கூடாது’ங்கிறது பழைய பேச்சு. ரெண்டு நிறமும் இருக்கிற வாட்ச் ஸ்ட்ராப் அல்லது வளையல் ஒண்ணு போட்டால், மீதி எல்லாம் தானா ஒட்டிக்கும்.

பாதியில் ஆரம்பிங்க: டிஷ்யூ சேலை தினசரிக்கு ஓவர்னு தோணுதா? பழைய காட்டன் சேலைக்கு டிஷ்யூ பிளவுஸ் போதும். அம்மாவோட நைந்துபோன பட்டில் ஜரிகை பார்டரை மட்டும் வெட்டி, பிளெய்ன் குர்தியோட கையில் தையுங்க. டெய்லர்கிட்ட சொன்னா ஒரு மணி நேர வேலை.

பசங்களுக்கும்தான்: காப்பு, மெட்டல் ஸ்ட்ராப் வாட்ச், ஜரிகைக்கரை வேட்டி. ஒரு நேரத்தில் ரெண்டைத் தாண்ட வேண்டாம்.

சாரல் ஊருக்கு ஏத்த மாதிரி: ஃபாயில் ஒட்டின செருப்பு ஈரப் பாறையிலும் சகதியிலும் உரிஞ்சிடும், வழுக்கவும் செய்யும். சீசனில் ரப்பர் செருப்பே போதும், மினுமினுப்பைப் பையில் காட்டுங்க. எண்ணெய்க் குளியல், அருவி ரெண்டுக்கும் முன்னாடி முலாம் நகையைக் கழற்றிடுங்க. எண்ணெய், சோப்பு, வேர்வை மூணும் முலாமுக்கு எமன். சென்ட் அடிச்ச பிறகுதான் நகை. கழற்றினதும் உலர்ந்த துணியில் துடைச்சு, காத்துப்புகாத கவர்ல வைங்க. டிஷ்யூவுக்கு மேல ஒரு காட்டன் துணி போட்டு, சூடு குறைச்சு இஸ்திரி போடுங்க. நேரடிச் சூட்டில் பாலியெஸ்டர் இழை உருகிச் சுருங்கிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி...

சிலருக்கு ஃபேஷன் கம்மல் போட்ட ரெண்டாம் நாளே காது சிவந்து அரிக்கும். பெரும்பாலும் காரணம் நிக்கல். ‘ஜெர்மன் சில்வர்’ என்கிற பேரில் சில்வர் இருக்கிறதே தவிர, பொருளில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த கலவை அது. நகையிலிருந்து தோலில் எவ்வளவு நிக்கல் படலாம் என்பதற்கு ஐரோப்பாவில் 1994-லேயே கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள். அரிப்பு வந்தால், ‘பழகிடும்’ என்று தாங்கிக்கொள்ளாதீர்கள். நிக்கல் அலர்ஜி ஒருமுறை வந்தால் போகாது. காதில் படும் கொக்கியை மட்டுமாவது அசல் வெள்ளியாகவோ டைட்டானியமாகவோ மாற்றிக்கொள்ளலாம். விரலிலும் கழுத்திலும் பச்சைக் கறை படிவது வேறு விஷயம். அது செம்பும் வேர்வையும் சேர்ந்து செய்யும் வேலை. கழுவினால் போய்விடும், பயம் வேண்டாம்.

‘இல்லை, எனக்குத் தங்கம்தான் வேணும், ஆனா பட்ஜெட் இல்லை’ என்பவர்களுக்கு ஒரு புதுக் கதவு திறந்திருக்கிறது. 2025 ஜூலையில் 9 கேரட் தங்கமும் ஹால்மார்க் விதிக்குள் வந்தது. அதில் 37.5 சதவிகிதம்தான் தங்கம், மீதி வேறு உலோகம். தினசரிக்கு உறுதியானது. ஆனால், விற்கப் போனால் அந்த 37.5 சதவிகிதத்துக்குத்தான் காசு. தங்கத்தில் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பி.ஐ.எஸ் கேர்’ ஆப்பில் அடித்தால் நகையின் தரம் தெரிந்துவிடும். வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் 1 முதல் இந்த எண் வந்திருக்கிறது. ஆனால், 2025-ல் வந்தபோது வெள்ளிக்கு அது கட்டாயமாக்கப்படவில்லை என்பதால் கேட்டு வாங்குங்கள்.

இனி என்ன?

குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாகப் போய்த் தாமிரபரணியில் சேர்கிறது. அந்தத் தாமிரபரணிக் கரையில்தான் ஆதிச்சநல்லூர். 1899 முதல் சில ஆண்டுகள் அங்கே அகழாய்வு செய்த அலெக்சாண்டர் ரீ, நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்களைக் கண்டெடுத்தார். இந்த ஆற்றோரத்து மனிதர்களுக்கு மின்னுவதன் மேல் இருக்கும் ஆசை அத்தனை பழசு. அதை யாராலும் குறை சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம்.

ஆசைப்பட்ட மினுமினுப்பை 300 ரூபாய்க்குப் போட்டுக்கொள்ள முடிகிறது என்பது ஒரு சின்ன விடுதலைதான். அதை முழுசாக்க இன்னும் ரெண்டு வேலை பாக்கி. ஒன்று, கழுத்திலிருந்து இறங்கிய சேமிப்பு, பெண் பேரில் உள்ள பாஸ்புக்கில் ஏறணும். இரண்டு, தினசரி உடையில் கைவிட்ட பவுன் கணக்கைக் கல்யாணப் பேச்சிலும் கைவிடணும். அடுத்த முறை பெண் பார்க்க வருகிறவர்கள் ‘எத்தனை பவுன்?’ என்று ஆரம்பித்தால், டிஷ்யூ சேலையில் நிற்கிற பெண்ணே கேட்கட்டும்: “உங்க வீட்டுல எத்தனை பேர் சேமிக்கிறீங்க?”